குடலுக்குள் ஒரு கிடை

வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதுவது அசிங்கம் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு என் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. கொஞ்ச காலம் இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காடுகளில் ஆட்டுக் கிடையோடு திரிந்தேன். பிறகு பம்பாயில் இட்லி வண்டி தள்ளினேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். கடைசியில் வந்து சேர்ந்தது போர் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் ஏறியவனுக்கு ஊர் கிடையாது. ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே நாங்கள் இருப்போம். கிடைத்ததைத் தின்போம். குழியிலிருந்து முதலில் பீறிடும் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம். வயிறு கெட்டால் மருந்துக் கடையில் ஒரு அட்டை மாத்திரை. என்ன மாத்திரை என்று நாங்கள் கேட்டதில்லை, கடைக்காரர்கள் சொன்னதுமில்லை. இரண்டு விழுங்கினால் நின்றுவிடும். மிச்ச அட்டை பையில் கிடக்கும், அடுத்தவனுக்கு ஆகும்.

ஒடிசாவில் ஒரு முறை நிற்கவில்லை. ரத்தம் போனது. கூட இருந்தவர்கள் சூடு என்றார்கள். தொப்புளில் நல்லெண்ணெய் வைத்தேன், இளநீர் குடித்தேன், ரத்தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் கழிப்பறைக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தபடி ஊர் வந்து சேர்ந்தேன். முன்பதிவு செய்திருந்தாலும் அந்த இடத்தைத்தான் கேட்டிருப்பேன்.

ஊர் என்றால் சங்கரன்கோவிலில் அக்கா வீடு. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். முன் அறையில் அத்தானின் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நான் கழிப்பறைக்குள் முனகுவது வெளியே கேட்காது. அப்படி ஒரு வசதி.

திருநெல்வேலியில் குழாய் விட்டு டிவியில் பார்த்தார்கள். பெருங்குடல் முழுவதும் புண். அங்கிருந்த டாக்டர் என் வயதுப் பெண்மணி. நெல்லைப் பேச்சு அவரை முழுதாக விட்டுப் போயிருக்கவில்லை.

"கிருமியா டாக்டரம்மா? கிருமின்னா ஒரே மருந்துல கொன்னுருங்க" என்றேன்.

"உள்ள கோடிக்கணக்குல கெடக்கு. உங்க கொடல்லயும் இருக்கு, என் கொடல்லயும் இருக்கு. அதக் கொன்னா நம்மளும் நல்லா இருக்க முடியாது."

"அப்ப ரத்தம் ஏன் வருது?"

"உங்க ஒடம்போட எதிர்ப்பு சக்தி, காவல் இருக்க வேண்டியது, உள்ள குடியிருக்கதப் பாத்துச் சண்ட போடுது. சண்டையில செவரு இடிஞ்சு போச்சு."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நாம் தின்னும் நார், உமி, சக்கை எதையும் நம் வயிற்றால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்கின்றன. தின்றுவிட்டு அவை வெளியிடும் புளிப்புச் சரக்கு குடல் சுவருக்குச் சாப்பாடு. காவலுக்கு நிற்கும் உயிரணுக்களைப் பதறாமல் இருக்கச் சொல்வதும் அதே சரக்குதான். பதிலுக்குக் காவல்காரர்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு பொருளைச் சுரந்து பாக்டீரியாக்களின் மேல் ஒட்டவிட்டு, சுவரை நெருங்காமல் தள்ளி நிறுத்துகிறார்கள். எந்த வகை எவ்வளவு பெருகலாம் என்பதிலும் அவர்களுக்குக் கை உண்டு. இவர்களை அவை அடக்குகின்றன, அவற்றை இவர்கள் அடக்குகிறார்கள்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நான் கிடையில் திரிந்தவன்.

எங்கள் பக்கம் வெள்ளாமை முடிந்த காட்டில் கிடை போடச் சொல்லி ஆட்டுக்காரர்களைக் கூப்பிடுவார்கள். மனிதனுக்கு உதவாத தட்டையையும் தாளையும் ஆடு மேயும். இரவு அதே காட்டில் வலைக்குள் அடைந்து கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த மழைக்கு அந்தக் காடு மட்டும் கருப்பாக விளையும். காட்டுக்காரருக்கு ஆடு வேண்டும், ஆட்டுக்குக் காடு வேண்டும். ஆனால் ஆடு வலைக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பருத்திக்குள் போனால் கம்படிதான்.

காவலுக்கு நாய். கிடை நாயைக் கண் திறக்காத குட்டியிலேயே ஆட்டுக்குட்டிகளோடு போட்டு வளர்ப்பார்கள். அது ஆட்டுப் பால் குடித்து ஆட்டு மேலேயே படுத்து வளரும். அதனால் நரியைக் கண்டால் பாயும், ஆடு தன் வாலை மிதித்தாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளும். நான் இருந்த கிடையில் அப்படி வளர்த்த நாய் செத்த பிறகு, வேறெங்கோ வளர்ந்த நாய் ஒன்றை ராயகிரியிலிருந்து கொண்டுவந்து கட்டினார்கள். நல்ல உயரம், நல்ல பல். அது நரியையும் கடித்தது, ஆட்டையும் கடித்தது. மிரண்ட ஆடுகள் வலையை அறுத்துக்கொண்டு பருத்திக்குள் விழுந்தன. காட்டுக்காரர் வந்து எங்கள் எல்லோரையும் அடித்தார். நாயை மட்டும் யாரும் அடிக்கவில்லை, பக்கத்தில் போக முடியாது.

இதை டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாய மட்டும் குத்தம் சொல்லாதீங்க. உங்க கொடல்ல ஆடும் கொறஞ்சு கெடக்கு. நல்ல எனமெல்லாம் போயிட்டு. ஆடு கொறஞ்சதால நாய்க்கு வெறியா, நாய்க்கு வெறிங்கதால ஆடு கொறஞ்சுதான்னு எனக்கே தெரியாது. யாருக்கும் சரியாத் தெரியாது."

"நான் தின்ன மாத்திர அட்டையாலயா?"

"இருக்கலாம். வம்ச வாகும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் வரும்."

அதற்கு மாத்திரை எழுதினார். நாயைக் கட்டிப்போடுகிற மாத்திரை. கட்டிய நாய் நரி வந்தாலும் எழுந்திருக்காது என்பதால் நான்தான் பார்த்து நடக்க வேண்டுமாம். கொதிக்க வைத்த தண்ணீர், சுடச்சுடச் சாப்பாடு.

"பச்சத் தண்ணி, பச்ச மண்ணு எதுவும் உள்ள போகக் கூடாது. சங்கரன்கோவில்காரங்களுக்கு இதத் தனியாச் சொல்லணும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்க வேண்டி வரும் என்றார். பையோடு எத்தனையோ பேர் நன்றாக வேலை பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அது உண்மையாக இருக்கும். ஆனால் இத்தனை வருடம் என்னோடு சேர்ந்து பட்டினி கிடந்த குடல். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் தறியை நிறுத்தினார்.

"என்ன மாப்ள, என்ன சொன்னாவ?"

"எதிர்ப்பு சக்தி கூடிப்போச்சாம் அத்தான். கொறைக்க மாத்திர குடுத்திருக்காவ."

அவர் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "ஏட்டி, இங்கன வந்து கேளு கூத்த! கொரோனாவுல ஊரு பூரா அது இல்லாமச் செத்துச்சு. ஒன் தம்பிக்குக் கூடிப்போச்சாம். மிச்சம் இருந்தா எனக்கு ரெண்டு படி அளக்கச் சொல்லு!"

அக்கா கரண்டியோடு வந்தாள். "இருக்கதக் கொறைக்க எவனாது மாத்திர குடுப்பானா? அண்டா அண்டாவா கபசுரம் காச்சி ஊத்தி எல்லாத்தையும் காப்பாத்தி வச்சிருக்கேன். கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியாலே? நோஞ்சானுக்கு எது கூடுச்சாம்?"

"சக்தி கூடுனது தப்பில்லக்கா. ஆள் தெரியாமக் கடிக்கி."

"நீ மட்டும் என்ன? சின்னதுல இருந்து எவனுக்கு அடங்குனே? ஒருத்தன்ட்ட ஒரு வருசம் வேல பாத்ததுண்டா? ஒன் கொணந்தான் ஒன் கொடலுக்கும். கண்ட எடத்துல தின்னுட்டு, கண்ட எடத்துல படுத்துட்டு..."

இந்தப் பேச்சை நான் நிறைய பேரிடம் கேட்டுவிட்டேன். ஊர் சுற்றினான், அதனால் வந்தது. அடங்காதவன், அதனால் வந்தது. என்னோடு அதே சேற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் இன்றைக்கும் கல்லைத் தின்று செரிக்கிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டாமல், வீட்டில் வடித்த சோற்றைத் தவிர வேறு அறியாமல் இருந்த ஒரு டீச்சரம்மா, குழாய் விட்ட அன்று என் பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு கிடந்தார். 'இருக்கலாம்' என்று டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்வேன். தண்டனை என்று எவர் சொன்னாலும் ஏற்கமாட்டேன். என் நோய்க்கு என் குணத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

அக்கா அதோடு விடவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போய், அங்கே பிரசாதமாகத் தருகிற புற்று மண் வாங்கி வந்தாள். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலில் அரிப்பு என்றால் பூசுவார்கள், வயிற்று வலி என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் பாதி வயிற்றுவலி அதில்தான் போனது. அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அவள் தம்ளரை நீட்டினாள். "கடுகளவுதாம்லே போட்டிருக்கேன். கண்ண மூடிட்டு ஒரு மடக்கு."

"குடிக்க முடியாதுக்கா."

"அம்மன விட ஒன் டாக்டரு பெரிய ஆளா?"

"நான் பெரிய ஆளு சின்ன ஆளு பாக்கல. நாயக் கட்டிப் போட்டிருக்கு. இப்ப எது உள்ள வந்தாலும் கேக்க ஆளில்ல."

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்குச் சண்டை போடத் தெரியும், அழுகிறவளோடு என்ன செய்வது என்று தெரியாது. கடைசியில் பேரம் பேசினோம். மண்ணை வயிற்றின் மேல் அவள் கையாலேயே பூசட்டும். அதோடு ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும், அவள் நேர்ந்துகொண்ட அத்தனை ஆடிச்சுற்றையும் நான் நடந்து முடிப்பேன். ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனின் கால் வலியை, கோயிலைச் சுற்றி நடக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வதாக எங்கள் ஊரில் நம்பிக்கை. பதிலுக்கு, என் சாப்பாட்டில் மண் கலக்கமாட்டேன் என்று அவள் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தினமும் காலையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவள் முணுமுணுத்துக்கொண்டே பூசுவாள். தறி ஓட்டியபடி அத்தான், "செவத்துக்கு வெள்ளையடிச்சாச்சா?" என்று கேட்பார்.

மாத்திரை வேலை செய்தது. ரத்தம் நின்றது. கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ்ஸில் போய், டிரைவரிடம் நிறுத்தச் சொல்லாமல் திரும்பி வந்தேன். இமயமலை ஏறியவன்கூட என்னளவு நெஞ்சை நிமிர்த்தியிருக்கமாட்டான். போர் வண்டி ஏஜெண்டுக்கு போன் செய்தேன். ஆடி முடிந்ததும் வண்டி கிளம்பும், வா என்றார்.

கொடியேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ரத்தம் போனது. முன்னைவிட அதிகம். அக்காவும் அத்தானும் வண்டி பிடித்து என்னைத் திருநெல்வேலியில் சேர்த்தார்கள்.

"மாத்திர விட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு வேள விடல."

"வெளியில கிருமி எதாவது உள்ள வந்துதான்னு முதல்ல பாக்கணும். கிருமின்னா நான் நாய அவுத்து விடணும். நாய்தான் கடிக்குதுன்னா இன்னும் இறுக்கிக் கட்டணும். ரெண்டுக்கும் ரத்தம் ஒரே மாதிரிதான் வரும். மாத்திச் செஞ்சா உயிருக்கே ஆபத்து. அதனால உண்மையச் சொல்லுங்க, புதுசா என்ன உள்ள போச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சரியில்லை.

"என்னய ஏம்லே பாக்க? மண்ணு போடல. அம்மன் சத்தியமாப் போடல."

"வேற?"

முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "சுக்குக் காப்பியில கொஞ்சூண்டு பொடி. சீந்தில் பொடி. எதிர்ப்பு சக்திக்கு நல்லதுன்னு கடையில சொன்னான். இத்தன சுத்து சுத்தணுமே, தெம்பு வேண்டாமா? மண்ணு போடமாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனேன். பொடியப் பத்தி இவன் ஒண்ணும் சொல்லலையே."

அத்தானுக்குச் சிரிப்பு வந்து, ஆஸ்பத்திரி என்பதால் இருமிச் சமாளித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"நாங்க நாயக் கட்டிப் போடுதோம். நீங்க கம்ப எடுத்துக் குத்தி உசுப்பி விட்டிருக்கீங்க. அதாலதான் வந்துதுன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். இருக்கலாம். இனிமே அந்தப் பொடி வேண்டாம்."

அக்கா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, கொஞ்ச நேரம்தான். கொரோனா காலத்திலிருந்து ஊரும் டிவியும் கடைக்காரனும் சேர்ந்து அவளுக்கு ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள், எதிர்ப்பு சக்தியைக் கூட்டு, கூட்டு என்று. போதும் என்று ஓர் அளவு அதற்கு உண்டு என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

பரிசோதனையில் வெளிக் கிருமி எதுவும் இல்லை. நாய்தான். ஸ்டீராய்டு ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள். இன்னொரு பக்கம் அறுவை டாக்டரும் வந்துவிட்டார். என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்த்துவிட்டு, பை வைக்க வேண்டி வந்தால் எங்கே வைப்பது என்று வயிற்றின் வலப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். மனை அளக்க வந்தவர் முளை அடித்துவிட்டுப் போனதைப் போல இருந்தது.

படுத்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அழவில்லை. இடம் குறித்துவிட்டால் வீடு கட்டியாக வேண்டுமா என்ன? ஊசி ஏற ஏற நான் எழுந்து ஓடுவது குறைந்தது. ரத்தம் குறைந்து, பின் நின்றது. அறுவை டாக்டர் மறுபடி வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இப்போதைக்கு வேண்டாம்" என்றார்.

எங்கள் டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது, "இந்தத் தடவ தப்பிச்சது. அடுத்த தடவ என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

"அடுத்த தடவ வரட்டும், அப்ப பாத்துக்கிடுவோம்."

"மாத்திரய விடாதீங்க."

"நாய நான் அவுக்கமாட்டேன் டாக்டரம்மா."

ஊருக்கு வந்தபோது கொடியேறியிருந்தது. ரத வீதியெல்லாம் பந்தல், ஒலிபெருக்கி, பலூன். அக்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"சுத்த வேண்டாம்லே. நான் நேந்தது, நானே சுத்திக்கிடுதேன். நீ படு."

"நான்தான் சுத்துவேன்னு சொன்னேன்."

"ஒடம்பு இருக்க இருப்புக்கு அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா."

"அம்மன் சொல்லமாட்டா. நான் சொல்லுவேன். படுக்கச் சொல்லாத. படுத்தது போதும்."

அவள் சண்டை போடவில்லை. புற்று மண்ணைக் குழைத்து எடுத்து வந்தாள். சட்டையைத் தூக்கினேன். பேனா வட்டம் இன்னும் அழியாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அந்த வட்டத்தின் மேலேயே கனமாக அப்பினாள். எனக்குச் சாமி நம்பிக்கை எவ்வளவு என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஆனால் அந்த ஈர மண் குளிர்ச்சியாக இருந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். கிழவிகள் என்னை முந்திப் போனார்கள். கல்யாணமாகாத பெண்கள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை கோபுர வாசலைக் கடக்கும்போதும் வெளியே கட்டணக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று என் கண் பார்த்துவைத்துக்கொண்டது. சட்டைப் பையில் மாத்திரை, கையில் கொதிக்க வைத்த தண்ணீர் பாட்டில். பிரசாதத் தண்ணீர் நீட்டியவர்களிடம் கும்பிடு போட்டு நகர்ந்தேன்.

பாதிக்கு மேல் நடந்த பிறகு வயிறு திருகியது. எனக்கு அந்தத் திருகல் நன்றாகத் தெரியும், அது கெஞ்சாது, கட்டளைதான் போடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவமானத்தில் உடம்பு கூசும். அன்று கூசவில்லை. "வழி விடுங்க, அவசரம்!" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே கூட்டத்தைக் கிழித்து வெளியேறினேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

போனேன். ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கை கால் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தில் வரிசையில் நுழைந்தேன். அக்கா அங்கேயே தூணோரம் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு வாயும் வந்தது.

"அந்தச் சுத்து கணக்குல சேராதுலே. பாதியில விட்டுட்டுப் போயிட்ட."

"சேரும்."

"எப்படிச் சேரும்?"

"ஊசி முனையில ஒத்தக் கால்ல நிக்கவளுக்கு, நான் கக்கூஸுக்குப் போயிட்டு வார வரைக்கும் பொறுக்கத் தெரியாதா?"

முன்னால் போன கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கொடலு அடங்குனாலும் ஒன் வாயி அடங்காது. நட."

நடந்தேன்.